இரண்டாம் பால், மூன்றாம் பால்

1940 பெப்ரவரி 12, திங்கள்

வெயில் நல்லது. காற்று குறைவு. வாடியில் கட்டா மீன் ஒன்பது பந்தலில் கருவாட்டுக்கு விரித்தாயிற்று. திருப்பிப் போட வேண்டும்.

இந்தக் கொப்பி கற்பிட்டி ஆஸ்பத்திரி அப்போதிக்கரி ஐயாவின் கட்டளை. "ஒவ்வொரு நாளும் எழுதும். வீக்கம், மூத்திரம், கலங்கல். மறந்துபோச்சு எண்டு எனக்குக் கதை சொல்லக் கூடாது." ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு இத்தனை வேலை வரும் என்று தெரிந்திருந்தால் நாலாம் வகுப்போடு நிறுத்தியிருப்பேன்.

விஷயம் இது. மகள் சுபைதா, வயது ஒன்பது. இரண்டு கிழமையாகக் காலையில் முகம் உப்பி எழும்புகிறாள். பிள்ளை கொழுக்கிறாள் என்று நான் சந்தோஷப்பட்டேன். மனைவி ஹலீமாவிடம் "உன்ட கைச்சோறு" என்று பாராட்டவும் செய்தேன். நேற்றுக் காலில் விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது, பிசைந்த மாவில் போல.

இன்று ஐயா அவளுடைய மூத்திரத்தைக் கண்ணாடிக் குழலில் விட்டு, மேல்பாதியை விளக்கில் காட்டினார். என் கண் முன்னே வெள்ளையாகிவிட்டது. முட்டை வேகிற மாதிரி.

"இது சத்து. மீனில, முட்டையில இருக்கிற சத்து. இரத்தத்தில நிக்க வேண்டியது. மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காயில, வடிகட்டுற இடத்தில பழுது. அதால வெளிய போகுது."

"வலைக் கண் பெருத்துப்போச்சு எண்டு செல்லுங்க."

"ஓம், அப்பிடியும் சொல்லலாம்."

"பெருத்த கண்ணப் பொத்த ஏலுமா ஐயா?"

"சில பிள்ளையளுக்குத் தானா மூடும். சிலருக்கு மூடாது. மூடாட்டி வருசக்கணக்கில குண்டிக்காய் கொஞ்சம் கொஞ்சமாச் சுருங்கும்."

பிறகு என்ன என்று கேட்காமல் தவணையைக் கேட்டேன்.

மார்ச் 14 வரை தவணை. அதற்குள் வீக்கம் வயிற்றுக்கு ஏறினாலோ, கலங்கல் குறையாவிட்டாலோ கொழும்புப் பெரியாஸ்பத்திரி. கொழும்பு என்றால் மாதக்கணக்கு. தாயைக்கூட இரவில் பக்கத்தில் விடமாட்டார்களாம். இந்தப் பிள்ளை குசினிக்குப் போகவே தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு போகிறவள்.

ஐயா சொன்னவை:
உப்பு அறவே இல்லை.
பேக்கரிப் பாண் இல்லை. அதிலும் உப்பாம்.
கருவாடு, பெயரும் சொல்லக் கூடாது. (வீட்டின் நாலு பக்கமும் காய்கிறது. கண்ணைக் கட்டி வைப்பதா?)
ஓடக் கூடாது. படுக்கை.
நல்ல தண்ணீர், அளவாக. "கிணறு எப்பிடி?" என்று கேட்டார். "எங்கட கிணறா? கற்கண்டு ஐயா. பக்கத்து வாடிக்காரரும் நம்மட கிணத்துக்குத்தான் வாறாங்க" என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

வந்தவுடன் உப்புச் சட்டியைத் தூக்கி வாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன். வீட்டில் ஒரு கல் இல்லை.

பெப். 13

ஐயா ஒரு குழல் தந்திருக்கிறார், ஒன்றே ஒன்று. உடைந்தால் நானே உடைந்த மாதிரி. காய்ச்சும் முறை: குழலில் முக்கால்வாசி, மேல்பாதி மட்டும் சூடு. வெள்ளை வந்தால் வினாகிரி, அதாவது புளிக்காடி, நாலு துளி. வினாகிரிக்கு வெள்ளை கரைந்தால் பயமில்லை. நின்றால் சத்து.

அடுப்பில் காய்ச்சலாம் என்று குழலோடு குசினிக்குப் போனேன். ஹலீமா அகப்பையோடு வாசலில்.

"எங்க வாறீங்க?"

"அஞ்சு நிமிசம்."

"மூத்திரத்தயா? சோறாக்குற அடுப்பிலயா? என்ட அல்லாஹ்! உலகத்தில எந்த வாப்பாவாச்சும் இப்பிடிச் செய்வாரா?"

"மருந்து வேலை புள்ள."

"மருந்து வேலைய வெளிய வச்சுக்கோங்க. அந்தக் குழல் இந்த நிலைப்படி தாண்டினா நான் உம்மா வீட்டுக்கு."

கிணற்றடியில் குந்தி, குப்பி விளக்கில் காய்ச்சினேன். மண்ணெண்ணெய்ப் புகையில் குழல் கரிக்கட்டை. வெள்ளையா கறுப்பா என்று யாருக்குத் தெரியும். உடம்பெல்லாம் கழுவி, சாரம் மாற்றி லுஹர் தொழுகைக்குப் போனபோது ஜமாஅத்து முடிந்துவிட்டது.

பெப். 15

மீனெண்ணெய் வாங்குகிறவரிடம் ஸ்பிரிட்டு விளக்கு இரவல். இப்போது குழல் கறுப்பதில்லை.

இனிச் சுருக்கமாக எழுதலாம். சு. என்றால் சுபைதா. வீ. வீக்கம், மூ. மூத்திரம், க. கலங்கல். கலங்கலுக்கு ஐயா ஏதோ இலக்கம் சொன்னார், மறந்துபோச்சு. நானே ஒன்று கட்டினேன், தேங்காய்ப் பாலை வைத்து:

முதல் பால்: மறுபக்கம் விரல் வைத்தால் தெரியாது.
இரண்டாம் பால்: விரல் நிழலாகத் தெரியும்.
மூன்றாம் பால்: நகம் தெரியும்.
தண்ணீர்: இன்ஷா அல்லாஹ்.

சு. இன்று: வீ. முகம், கால். மூ. நாள் முழுதும் அரைப் போத்தல், நுரை. க. முதல் பால்.

இதை ஹலீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் பிழிந்துகொண்டிருந்த தேங்காய்ப்பூவை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாள். பகலைக்குப் பாலில்லாத ஆணம். அது என்னுடைய குற்றமாம்.

பெப். 17

மீன் குறைவு. வேலை இல்லாத கை சும்மா இருக்காது. நல்ல மனிதனுடைய மூத்திரம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டாமா? என்னுடையதைக் காய்ச்சினேன்.

வெள்ளை!

குழலை மணலில் குத்தி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கிணற்றுக் கட்டில் இருந்தேன். எனக்கும் வலைக் கண் போய்விட்டது. வாடி யாருக்கு? பிள்ளை யாருக்கு? காலை அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது போலவும் இருந்தது, விழாதது போலவும் இருந்தது. என் மையித்தை அடக்க யார் யார் வருவார்கள் என்று எண்ணினேன். ஆட்கள் குறைவாகத்தான் வந்தார்கள். அது வேறு கவலை.

பெப். 18, ஞாயிறு

வினாகிரி விட மறந்துவிட்டேன்.

இன்று விட்டேன். வெள்ளை கரைந்து, குழல் பளிச்சென்று தெளிந்தது. மௌத்தாகவில்லை.

ஹலீமாவிடம் சொன்னேன். ஒரு கிழமைக்குப் பிறகு சிரித்தாள். "மூளைக்கும் ரெண்டு துளி விட்டுப் பாருங்க."

உடனே சு.வுடையதற்கு இன்னும் பத்துத் துளி விட்டேன். கரையவில்லை. முதல் பால்.

பெப். 21

சு. சோற்றைத் தள்ளி வைக்கிறாள். "மண் தின்னுற மாதிரி இரிக்கி வாப்பா." சரி, நானும் உப்பில்லாமல் தின்கிறேன் என்று ஞாயிறன்று சத்தியம் செய்தேன். மூன்று நாள் நின்றேன். மூன்று நாள் என்று எழுதுவது என் மேல் நானே காட்டும் இரக்கம். இரண்டரை.

இன்று வாடியில் கட்டாக் கருவாடு சுடுகிறார்கள். ஒரு துண்டு, ருசி பார்க்க மட்டும். வேலைதானே. வாயைக் கழுவிக்கொண்டு வந்து சு.வின் பாய்க்குப் பக்கத்தில் இருந்தேன்.

"வாப்பா, உங்கட மீசை மணக்குது."

"வாடிக் காத்து, மகள்."

"வாடிக் காத்து மீசைக்குள்ள மட்டுமா வரும்?"

வீ. அதே. மூ. அரைப் போத்தலுக்கும் குறைவு. க. முதல் பால்.

பெப். 25

கூடிவிட்டது. கண் இரண்டும் கோடு. தொடையிலும் குழி. வயிறு கொஞ்சம் பெரிதோ? கயிறு வைத்து அளந்து முடிச்சுப் போட்டேன். நாளைக்கு அளக்க.

பதின்மூன்று நாள் உப்பில்லை. பிறகு எப்படி? ஐயா சொன்னது மனதில்: உப்பு நின்றால் நீர் இறங்கும். இறங்கவில்லை. ஆகவே உப்பு நிற்கவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

குசினி வாசலில் நின்று கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை.

"பிள்ளை அழுகிறாள் எண்டு ஒரு சிட்டிகை போட்டியா?"

ஹலீமா திரும்பிப் பார்த்தாள். கத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டாள். "நான் போடுவனா?"

கஞ்சியைத் தொட்டு நாக்கில் வைத்தேன். ஆணத்தை. இடியப்பத்தை. எங்கும் உப்பில்லை. என் நாக்குப் பிழை விடாது. முப்பது வருடமாக மீன் ஊறும் உப்புத் தொட்டியைத் தொட்டுப் பார்த்து, இன்னும் ஒரு படி போடு, போதும் நிறுத்து என்று சொல்கிற நாக்கு. மன்னாரிலிருந்தும் ஆள் வந்து கேட்டுப்போகும் நாக்கு.

ஹலீமா இரவு பாயைச் சு.வின் பக்கம் போட்டுக்கொண்டாள்.

பெப். 27

முடிச்சு எட்டவில்லை. கயிறு ஒரு விரல் குறைகிறது. வயிற்றுக்கு ஏறுகிறது; உப்பு எங்கே என்று கண்டுபிடித்த பிறகுதான் ஐயாவிடம் போவது.

தாய் போடவில்லையென்றால் பிள்ளை எடுக்கிறாள். பந்தல் கையெட்டும் தூரத்தில். பாயைத் தூக்கிப் பார்த்தேன். தலையணைக்குள் கை விட்டேன். பிறகு சு.வின் கையை மணந்து பார்த்தேன். கருவாடு மணந்தது. இந்த வீட்டில் குர்ஆன் வைக்கிற பலகையும்தான் கருவாடு மணக்கும். அந்த நேரம் அது தோன்றவில்லை.

"எடுத்தியா?"

"இல்ல வாப்பா."

"உண்மையச் செல்லு. கொழும்புக்குப் போக ஆசையா?"

வீங்கிய கண்ணில் கண்ணீர் வெளியே வர வழியில்லாமல் நின்றது. அதைப் பார்த்தேன். பார்த்தும் இன்னொரு தரம் கேட்டேன்.

ஐயா எழுதச் சொன்னது மூன்று விஷயம்தான், இதை அல்ல. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

க. முதல் பால்.

மார்ச் 2, சனி

மலைநாட்டிலிருந்து மாத்தளை முதலாளி வந்தார், கருவாடு பார்க்க. புத்தளத்திலிருந்து காலைப் படகு. வெள்ளைத் தொப்பி, பெரிய தொந்தி, நல்ல மனிதர். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பார். வழக்கமாக அவருக்கு இளநீர்தான். இன்று பறிக்க ஆளில்லை. ஹலீமா வெறுந்தேத்தண்ணியும் சீனியும் அனுப்பினாள்.

ஒரு வாய் குடித்தார். முற்றத்தில் துப்பினார்.

"நானா! தேத்தண்ணிக்கு உப்பா போட்டீங்க?"

சிரித்தேன். உள்ளே இருந்து ஹலீமா: "உப்புச் சட்டியே வீட்டில இல்லையே!"

அவருடைய கோப்பையை வாங்கிக் குடித்தேன். தேத்தண்ணி. நல்ல தேத்தண்ணி.

"ஒண்டும் இல்லையே முதலாளி."

"ஒண்டும் இல்லையா? கடல அள்ளிக் குடிச்ச மாதிரி ஈக்கி. வாய் கொப்புளிக்கத் தண்ணி தாங்க."

பானையிலிருந்து செம்பில் கொடுத்தேன். அதையும் துப்பினார்.

"இதும் அதேதான்! எந்தக் கிணறு இது?"

கற்கண்டுக் கிணறு.

நான் செம்பை வாங்கி ஒரு மடக்குக் குடித்தேன். இன்னொரு மடக்கு. இனிக்கிறது. சத்தியமாக எனக்கு இனிக்கிறது. ஹலீமா கதவுக்குப் பின்னால் சேலையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளும் நானும் ஒரே நேரத்தில் பானையைப் பார்த்தோம். சோறு அந்தத் தண்ணீரில். கஞ்சி அதில். தேத்தண்ணி அதில். அளவாக, வேளைக்கு வேளை, நானே அளந்து கொடுத்த நல்ல தண்ணீர் அதில். ஐயா தந்த மருந்துத் தூளையும் அதில்தான் கரைத்தேன்.

ஒரு சிட்டிகையை வீட்டைவிட்டுத் துரத்திவிட்டு, குடம் குடமாக ஊட்டியிருக்கிறேன்.

மழை நின்று எத்தனை மாதம். கடல் கீழாலே கிணற்றுக்குள் வந்திருக்கிறது. நாளுக்கு ஒரு துளியாக வந்தால் எங்கள் நாக்குக்குத் தெரியுமா? உப்பில் ஊறிய நாக்கு. மன்னாருக்கும் பெயர் போன நாக்கு.

அசருக்குப் பிறகு:

கருவாட்டுக் கதையை விட்டுவிட்டு முதலாளியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். நாக்கு இரவல் வேண்டும் என்று. அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தொப்பியைச் சரி செய்துகொண்டு எழும்பிவிட்டார்.

சிரட்டையும் கயிறும் எடுத்துக்கொண்டு கிணறு கிணறாகப் போனோம்.

பள்ளிவாசல் கிணறு. நாக்கு நுனியில் வைத்தார். "இது கடலுக்கு மச்சான்."

பக்கத்து வாடி. "இது கடலே தான்."

பாதையோரக் கிணறு. "இது... கை கால் கழுவி ஒளுச் செய்யலாம். குடிக்க வாணாம்."

மணல்மேட்டுக்கு உள்பக்கம் ஒரு மைல் நடை. அவருக்கு மூச்சு வாங்குகிறது. மணலுக்குள் செருப்பு புதைகிறது. அங்கே ஒரு வெங்காயத் தோட்டம், கிறிஸ்தவ வேதக்காரப் பெண்ணொருத்தியுடையது. கைம்பெண். இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். முதலாளிக்கு மாத்தளை, தண்ணீர் ருசி பார்க்க வந்திருக்கிறார் என்றேன்.

"தண்ணி குடிச்சுப் பாக்க மாத்தளையில இருந்தா ஆள் பிடிச்சு வந்திருக்கிறீங்க?"

முதலாளி குடித்தார். கண்ணை மூடினார். சிரட்டை முழுவதையும் குடித்து முடித்து, மறுபடியும் நீட்டினார்.

"நானா, இதுதான் தண்ணி."

நானும் குடித்தேன். எனக்குச் சப்பென்று இருந்தது. ருசியே இல்லை. அல்லாஹ்வே, இதுதான் தண்ணியா?

தோட்டக்காரியிடம் விஷயத்தைச் சொன்னேன். "பிள்ளைக்கெண்டா அள்ளிக்கொண்டு போங்க. வெங்காயப் பாத்தியை மிதியாதீங்க, அது போதும்."

மார்ச் 3

சு.வின் பாயில் போய் இருந்தேன். தகப்பன் மகளிடம் மன்னிப்புக் கேட்பதற்கு எங்கள் வீட்டில் வழக்கம் இல்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விசிறிக்கொண்டே இருந்தேன்.

"நீ கருவாடு எடுக்கல்ல மகள். எனக்கு இப்பத் தெரியும். வாப்பாட பிழை."

"அப்ப கோவம் இல்லையா?"

"இல்ல."

"ஒருக்கா நக்கினேன். எடுக்கல்ல. நக்க மட்டும்."

உள்ளே ஹலீமா சிரிப்பை அடக்கிய சத்தம். அவளிடமும் மன்னிப்புக் கேட்கக் குசினி வாசலுக்குப் போனேன். அவளே சொன்னாள்: "இனி ருசி பாக்குற வேலைய எல்லாம் மாத்தளைக்கு அனுப்புங்க."

மார்ச் 5

இரண்டு மண்ணெண்ணெய்த் தகரம், சாம்பல் போட்டு எட்டுத் தரம் கழுவியது. தோளில் தடி. ஒரு மைல் போக, ஒரு மைல் வர. புறப்படும்போது நிறைகுடம், வரும்போது முக்கால். மிச்சம் என் சாரத்தில். வேறு யாரிடமும் விடவில்லை. பாதையோரக் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டால் எனக்கு ருசி தெரியாதே.

பள்ளிவாசலடியில், என்னைப் பார்த்து இரண்டு பேர்:

"வாடி முதலாளிக்கு வாடி போய்ட்டுதா?"

"இல்லயாம். சொந்தக் கிணத்தோட பேச்சுவார்த்தை இல்லயாம்."

பின்னேரம் கற்பிட்டி. ஐயாவிடம் சொன்னேன். பேனையை வைத்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நான் கேட்டனான்! நீர் கற்கண்டு எண்டு சொன்னீர்!"

"என்ட நாக்கு ஐயா..."

"உம்மட நாக்கை வெட்டிக் காய வையும். உப்பும் போடத் தேவையில்லை."

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். குரல் மாறியது. "ஒண்டு கேளும். தண்ணி மாத்தினா வீக்கம் வத்தும். கலங்கல் வேற கதை. அது குண்டிக்காயின்ட வேலை. ரெண்டையும் ஒரு கயித்தில கட்டிப்போட்டு ஏமாறாதையும்."

வரும் வழியெல்லாம் அதுதான். ரெண்டையும் ஒரு கயிற்றில் கட்டாதே.

மார்ச் 9

மூ. ஒன்றரைப் போத்தல்! நேற்று ஒன்று. முகத்தில் முகம் தெரிகிறது. கயிறு முடிச்சைத் தாண்டி நாலு விரல் மிச்சம். ஏறாமல் கிடந்த வெள்ளித் தண்டையை ஹலீமா போட்டுப் பார்த்தாள், ஏறியது. சு. எழும்பி நடந்தாள். படு என்று சத்தம் போட்டேன். சத்தம் போடும்போது என் குரல் எனக்கே பாட்டு மாதிரி இருந்தது.

க.: முதல் பாலுக்கும் இரண்டாம் பாலுக்கும் நடுவில்.

மார்ச் 11

வீ. இல்லை என்றே சொல்லலாம். க. இரண்டாம் பால்.

மார்ச் 12

க. இரண்டாம் பால். காலையில் ஒன்று, பகல் ஒன்று, பின்னேரம் ஒன்று காய்ச்சினேன். ஸ்பிரிட்டு தீர்கிறது. மூன்றும் இரண்டாம் பால்தான். பார்த்தால் பிள்ளைக்குச் சுகம். குழல் வேறு சொல்கிறது. எதை நம்புவது?

கருவாடு திருப்ப மறந்து ஒரு பந்தல் ஒரு பக்கம் கருகிப்போனது. வாடி ஆட்களே அதை வேறாகக் கட்டி வைத்தார்கள். முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

மார்ச் 13

இரண்டாம் பால். கொஞ்சம் மெலிந்ததா? எழுதினேன், வெட்டினேன், எழுதினேன், வெட்டினேன். அந்த இடத்தில் கொப்பித் தாள் கிழிந்துவிட்டது.

நாளைக்குத் தவணை.

மார்ச் 14, வியாழன்

மேகம். சோளகக் காற்று இல்லை, மழையும் இல்லை, சும்மா மேகம்.

சுபஹ் தொழுகைக்குப் பிறகு காய்ச்சினேன். வினாகிரி நாலு துளி. மறுபக்கம் விரல் வைத்தேன். நகம் தெரிந்தது.

மூன்றாம் பால் என்று எழுதப் போனேன். கை நின்றது. இது யாருடைய கண்? இனிக்கிறது என்று சொன்ன நாக்குக்குப் பக்கத்து வீட்டுக் கண். கொழும்பு வேண்டாம் என்று ஒரு மாதமாக ஆசைப்படுகிற கண். உப்பை இல்லையென்று சொன்னவன் நகத்தையும் இருக்கிறது என்று சொல்வான்.

கிணற்றடியிலிருந்து கூப்பிட்டேன். "ஹலீமா."

"என்ன?"

"பால் பாக்க வா."

வந்தாள். ஒரு மாதமாக அந்தக் குழல் இருக்கும் பக்கமே திரும்பாதவள். நகம் தெரிந்ததை மறைத்துக் குழலை நீட்டினேன். சேலையால் பிடிப்பாள் என்று நினைத்தேன். வெறுங்கையால் வாங்கினாள். வெளிச்சத்துக்குத் தூக்கி, மெதுவாகச் சாய்த்து, குழல் சுவரில் வெள்ளை வழிவதைப் பார்த்தாள். பிழிந்த பாலைச் சட்டியில் சாய்த்துப் பார்க்கிற அதே சாய்ப்பு.

"இது மூணாம் பாலும் இல்ல. மூணாம் பால் பிழிஞ்ச கையக் கழுவின தண்ணி."

"நல்லாப் பாத்துச் செல்லு."

"இருவது வருசமாத் தேங்கா பிழியிறேன். உங்களுக்கு நான் பால் பாக்கத் தெரியாதவளா?"

அப்படியே எழுதினேன், அவள் சொன்ன சொல்லில்.

பகல்: கற்பிட்டி. ஐயா தானும் காய்ச்சினார். கொப்பியைப் பார்த்தார். கையைக் கழுவின தண்ணி என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதார் வாசிச்சது?"

"வீட்டுக்காரி ஐயா."

"சரியா வாசிச்சிருக்கிறா. உம்மட பால்கணக்கைவிட இது திறம்."

கொழும்பு இப்போது இல்லை. வலைக் கண் மூடத் தொடங்கியிருக்கலாம் என்றார். 'லாம்' என்பதை அழுத்திச் சொன்னார். ஒரு சளித் தடிமன், காய்ச்சல் வந்தாலே திரும்பவும் திறக்கலாமாம். ஒரு வருடம் காய்ச்ச வேண்டும், தினமும். ஒரு வருடம் அந்தத் தண்ணீர்.

பின்னேரம்: தகரம் ஒன்று ஒழுகுகிறது, ஈயம் வைக்க வேண்டும். வினாகிரி முடிந்தது. குழலைக் கிணற்றுக் கட்டில் தேடினேன், காணவில்லை. பயந்துபோனேன். குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். சுவர்த் தட்டில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில், கழுவித் துடைத்துக் கவிழ்த்திருக்கிறது. நான் வைக்கவில்லை.